மூன்றாவது பொத்தான்

ஜூன் 10: பொத்தான் 3, மடிப்பு 1.
ஜூன் 24: பொத்தான் 5, பை வார் 2.
ஜூலை 15: பொத்தான் 6, கொக்கி 1, மடிப்பு 2.
ஆகஸ்ட் 1: பொத்தான் 0. படிவம் 4.
ஆகஸ்ட் 29: படிவம் 11.
அக்டோபர் 17: படிவம் 23.
நவம்பர் 14: மாற்றுச் சான்றிதழ் 19.
ஜனவரி 6 முதல் 31 வரை: வந்தவர்கள் 0.
மார்ச் 4 முதல் 19 வரை: தேர்வு, 6 தாள்.

இவ்வளவும் நீல அட்டை போட்ட ஒரே நோட்டில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. எழுதியவரைப் பள்ளிக்கூடம் முழுக்க ஊசி டீச்சர் என்றுதான் அழைத்தது. நேரில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் ஊசி. அவருக்கும் அது தெரியும். வருத்தம் இல்லை. பத்தொன்பது வருடம் தையல் வகுப்பு எடுத்தவருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

தையல் பாடத்தை ஒரு கோடை விடுமுறையில் நீக்கிவிட்டார்கள். பதினெட்டு தையல் இயந்திரங்களும் லாரி ஏறிப் போயின. டீச்சர் லாரியின் பின்னால் நின்று, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் அவருக்கு இரண்டு வேலைகளைக் காட்டினார்கள். ஒன்று நூலகம். இன்னொன்று அப்போதுதான் புதிதாக உண்டாக்கிய மாணவர் நல ஆசிரியை என்ற பதவி. நூலகத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்ததால் இவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. மணி அடித்தால் அறுநூறு ஜோடிக் காலணிகள் தலைக்கு மேல் இறங்கும். அது அடங்கும்வரை அந்த அறையில் யாரும் எதுவும் பேச முடியாது.

முதல் நான்கு மாதம் யாரும் வரவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, நடுவில் மேசை, சுவரில் சான்றிதழ். ஐந்தாம் மாதம் ஒரு பெண் பொத்தான் அறுந்துபோய் வந்தாள். தையல் டீச்சரிடம் ஊசி இருக்கும் என்றுதான் வந்தாள், மனம்விட்டுப் பேச அல்ல. சட்டையைக் கழற்ற முடியாது, போட்டபடியே தைக்க வேண்டும். டீச்சர் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தார். அவர் தலைக்கு மேலே அந்தப் பெண் தானாகப் பேச ஆரம்பித்தாள். அப்பா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்பது முதல் வாக்கியம். கடைசி வாக்கியம் வரும்வரை டீச்சர் நூலை முடிச்சுப் போடவில்லை.

பன்னிரண்டு நாள் பயிற்சியில் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணைப் பார்த்தால் பிள்ளைகள் ஊமையாகிவிடுகிறார்கள் என்பதை டீச்சர் அன்றைக்குக் கண்டுபிடித்தார். மறுநாளே எதிர் நாற்காலியை வெளியே போட்டுவிட்டு, தையல் கூடையை மேசைமேல் வைத்தார். சாப்பாட்டு இடைவேளையில் கதவு திறந்திருக்கும். யாரையும் கூப்பிடமாட்டார். அறுந்தது, கிழிந்தது, கழன்றது எதுவானாலும் கொண்டு வரலாம். ஆறு மாதத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளுக்கு என்ன கேடு வந்ததோ, பொத்தான்கள் கொத்துக் கொத்தாக அறுந்து விழுந்தன.

"டீச்சர், நான் சொன்னதை எழுதுவீங்களா?" என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவை கேட்கும்.

"எழுதாம? நான் எல்லாத்தையும் எழுதுற ஆளு. என்ன எழுதுறேன்னு பாத்துக்கோ." நோட்டைத் திருப்பிக் காட்டுவார். தேதி, அதற்கு நேரே பொத்தான் 1. அவ்வளவுதான்.

உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெளியே கொண்டு போவார். பத்து வருடத்தில் அப்படி ஏழு முறை. மற்றதெல்லாம் அவரே நடந்து, அவரே பேசி, ஒரு வாத்தியாரிடம் கெஞ்சி, இன்னொருவரிடம் சண்டை போட்டு முடித்த காரியங்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கேட்டால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. கணக்கு வாத்தியார் ஒருமுறை, "உங்க பொத்தான் பிள்ளைங்களுக்கெல்லாம் நான் தனியா கிளாஸ் எடுக்கணுமா? எழுத்துல ஆர்டர் கொண்டு வாங்க, எடுக்கிறேன்" என்றார். அந்தப் பேச்சு டீச்சருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

இந்த அறைக்கு அதிகமாக வந்தவள் ஒரு பெண். வகுப்பில் அவளுக்கு வால்யூம் என்று பெயர். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. அவள் எழுந்து பதில் சொன்னால் பின்வரிசை முழுக்க, "வால்யூம் ஏத்து! வால்யூம் ஏத்து!" என்று காதில் கை வைத்துக்கொண்டு கத்தும். இரண்டு வருடத்தில் இருபத்தாறு முறை வந்தாள். இருபத்தாறு முறையும் மேலிருந்து மூன்றாவது பொத்தான்.

"அதென்னடி, மூணாவது மட்டும் உன்கூடக் கோவிச்சுக்குது?"

"தெரியல டீச்சர். அதுக்கு என்னைப் பிடிக்கல போல."

எட்டாவது தடவைக்குப் பிறகு டீச்சர் அந்தப் பொத்தானுக்கு இரண்டே சுற்று நூல் போட்டார். சாதாரணமாக ஆறு சுற்று போடுகிறவர். இரண்டு சுற்று பத்து நாள் தாங்கும். பத்து நாளில் அவள் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

வால்யூமின் அம்மா ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். அப்பா இல்லை, இருந்தபோதும் பெரிதாக இருந்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வில் பாஸானால் செவிலியர் பயிற்சியில் சேரலாம், அம்மாவுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இடத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். இந்த வருடமே எழுத வேண்டும். அடுத்த வருடம் அந்த நர்ஸ் ஓய்வு பெறுகிறாள். எழுதினால் பயிற்சி, எழுதாவிட்டால் அம்மா பக்கத்தில் இன்னொரு இஸ்திரிப் பெட்டி. அவளுக்கு வேறு வழி கிடையாது. தடை ஒன்றே ஒன்று. கணக்குத் தாளைக் கையில் வாங்கியதும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்து, பேனா வழுக்கி, எண்கள் கலங்கிவிடும். அதே கணக்கைத் தையல் மேசை ஓரத்தில் நின்று, டீச்சர் முடிச்சுப் போடுவதற்குள் போட்டுவிடுவாள்.

"கணக்கு தெரியுது. தாளுக்குத்தான் பயப்படுறே."

"தாள் பெருசா இருக்கு டீச்சர்."

"பெருசுதான். உன்னைவிடப் பெருசா?"

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் யாருக்கும் கேட்காது.

அந்த ஜூன் மாதம் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். முதல் கூட்டத்திலேயே, "போன வருஷம் தொண்ணூத்தி நாலு சதவீதம். இந்த வருஷம் நூறு. அதுக்குக் கீழே ஒரு எண் இருக்கிறதா எனக்குத் தெரியாது" என்றார். சாயங்காலத்துக்குள் அவர் பெயர் நூறு ஆகிவிட்டது. கத்துகிறவர் இல்லை. எல்லாரிடமும் சிரித்த முகம், மெல்லிய குரல், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. ஜூலை 28 அன்று மாடிப்படிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"ஊசி, கத்தரிக்கோல், ப்ளேடு. டீச்சர், இது நல மையமா, டெய்லர் கடையா?"

"பிள்ளைங்க பேசுறாங்க சார்."

"பேசுறாங்களா? எங்கே அது?" நோட்டை எடுத்துப் புரட்டினார். "பொத்தான் நாலு, பொத்தான் ஆறு, மடிப்பு ரெண்டு. பத்து வருஷமா அரசாங்கம் உங்களுக்குப் பொத்தான் தைக்கவா சம்பளம் கொடுக்குது? நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இதையா கொண்டுபோய்க் காட்டுவீங்க?"

கேள்வி நியாயமாக இருந்ததுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 1 அன்று கூடை போய்விட்டது. கூரிய பொருட்கள் பாதுகாப்புக்கு இடையூறு என்று ஒரு குறிப்பு. சுவருக்கு இளம் பச்சை வண்ணம் அடித்து, மேகம் வரைந்து, 'மனம் திறந்தால் பாரம் குறையும்' என்று எழுதி வைத்தார்கள். எதிர் நாற்காலி திரும்பி வந்தது. அதோடு பதினான்கு கட்டம் போட்ட படிவம் ஒரு கட்டு. பெயர், வகுப்பு, பிறந்த தேதி, வீட்டுச் சூழல், தூக்கம், பசி. ஒன்பதாம் கட்டம்: கல்விச் சுமையைத் தாங்கும் நிலையில் உள்ளாரா? ஆம், இல்லை, ஐயம். பதினான்காம் கட்டம்: பரிந்துரை. அடியில் நல ஆசிரியை கையெழுத்து.

"இது பூட்டின அலமாரியில இருக்கும். சாவி என்கிட்ட. நீங்க என்ன உதவி வேணும்னு பதினாலாம் கட்டத்துல எழுதுறீங்களோ, நான் ஆர்டர் போட்டுத் தர்றேன். எழுத்துல" என்றார் நூறு.

எழுத்துல என்ற சொல்தான் டீச்சரைக் கவிழ்த்தது. கணக்கு வாத்தியார் முகம் கண்முன் வந்தது. பத்து வருடமாக வாயால் கெஞ்சியதைக் காகிதத்தில் வாங்கிவிடலாம். அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். அவர் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"நான் முப்பது வருஷம் மீட்டர் எண்ணை எழுதிக் கொடுத்தேன். யார் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்காவது வாஷர் வந்துச்சா? பில்லுதான் வந்துச்சு" என்றார் அவர்.

"இது அது மாதிரி இல்லைங்க."

"சரி. எனக்கென்ன தெரியும், நான் பைப்புக்காரன்."

டீச்சர் படிவங்களை நிரப்பினார். அரைகுறையாக நிரப்ப அவருக்குத் தெரியாது. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் அன்றிரவு தூக்கம் வராத ஜென்மம். ஒன்பதாம் கட்டத்தில் ஆம் என்று அடித்துச் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. ஆகவே நேர்மையாக, ஒவ்வொரு படிவத்திலும் ஐயம் என்பதற்கு நேரே குறியிட்டார். பதினான்காம் கட்டத்தில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டார்.

வால்யூம் செப்டம்பர் 3 அன்று வந்தாள். மூன்றாவது பொத்தானைக் கையில் பொத்தி வைத்திருந்தாள். மேசைமேல் கூடை இல்லாததைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

"உக்காரும்மா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். படிவத்தைத் தலைகீழாக வாசித்தாள். "இதுல என் பேர் எழுதணுமா டீச்சர்?"

"எழுதணும். எழுதினாத்தான் உதவி கிடைக்கும். கணக்குக்குத் தனி வகுப்பு, தேர்வுல தனியா ஒரு ரூம், எல்லாம் கேக்கப் போறேன்."

"பொத்தான்னே எழுதுங்களேன்."

"பயப்படாதே. இது பூட்டுக்குள்ள இருக்கும். என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் கையைத் திறந்து பொத்தானைப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். டீச்சர் எழுதினார். வியர்வை, பேனா வழுக்குவது, எண்கள் கலங்குவது, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அம்மாவோடு துணி மடிப்பது, எல்லாம் எழுதினார். பரிந்துரை: கணக்கில் மூன்று மாதம் தனி வகுப்பு, தேர்வில் தனி அறை. அழகான கையெழுத்து. போகும்போது அவள் பொத்தானை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 17க்குள் இருபத்து மூன்று படிவங்கள். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் நூறு, "பரிசீலனையில இருக்கு டீச்சர்" என்று சிரித்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பட்டியல் வெளியே போவதானாலும், பெயரும் பிறந்த தேதியும் சரிபார்க்க டீச்சரிடம் வரும். அவர் கண்ணில் படாமல் தப்பிய எழுத்துப்பிழை கிடையாது. நவம்பர் 13 மாலை நாலரை மணிக்குக் குமாஸ்தா ஒரு தாளோடு வந்தார்.

"டீச்சர், அவசரம். பத்தொன்பது பேர். தேதி எல்லாம் சரியான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. நாளைக்கு டைப் ஆகணும்."

"என்ன லிஸ்ட்டு?"

"ஏதோ சர்டிபிகேட். நான் என்னத்தைக் கண்டேன்? ஆடச் சொன்னா ஆடுறேன்."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஐந்தாம் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, போட்டார். பன்னிரண்டாம் பெயரில் பிறந்த தேதி 17 என்று இருந்தது. அது 19. அடித்துத் திருத்தினார். வால்யூமின் பெயர் அது. திருத்திய பிறகுதான் பேனா நின்றது. மேலே போனார், கீழே வந்தார். பத்தொன்பது பெயரும் அவருடைய இருபத்து மூன்றில் இருந்தவை. விட்டுப்போன நான்கு பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். அவர்கள் மனக்கஷ்டம் சதவீதத்தை உறுத்தாது.

"எந்தச் சர்டிபிகேட்?"

குமாஸ்தா கதவுப் பக்கம் பார்த்தார். "டி.சி. தேர்வுக்குப் பேர் அனுப்புறதுக்கு முன்னாடி கொடுத்து அனுப்பிட்டா, நம்ம கணக்குல வரமாட்டாங்க. டீச்சர், இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு."

டீச்சர் தலைமை ஆசிரியர் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

"சார், அந்தப் படிவம் உதவிக்கு எழுதினது."

"உதவிதானே செய்றோம்? சுமையைத் தாங்க முடியாத பிள்ளைங்களை நூறு பேர் நடுவுல உக்காரவெச்சு வதைக்கணுமா? வீட்டுல இருந்து நிதானமா அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்."

"தாங்க முடியாதுன்னு யார் சொன்னா?"

அவர் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். ஒன்பதாம் கட்டத்தில் விரலை வைத்தார். "ஐயம். ஐயம். ஐயம். உங்களுக்கே நம்பிக்கை இல்லாத பிள்ளையை நான் எப்படி நம்புறது?" விரல் மெதுவாகக் கையெழுத்துக்கு இறங்கியது. "இது யாரு?"

மறுநாள் பத்தொன்பது பெற்றோருக்கும் கடிதம் போனது. 'மாணவர் நல ஆசிரியையின் எழுத்துபூர்வ மதிப்பீட்டின்படி' என்று அது ஆரம்பித்தது. பதினான்காம் கட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வால்யூமின் அம்மா நவம்பர் 15 காலையில் வந்தார். கையில் இஸ்திரிச் சூட்டுத் தழும்புகள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பொண்ணு உங்களைத் தெய்வம்னு சொல்லுவா. ஊசி டீச்சர்கிட்ட சொன்னா வெளியே போகாதும்மான்னு எனக்கே தைரியம் சொன்னா. நாங்க காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறதெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறாங்க. நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நான்தான் எழுதினேன்."

"என்னத்துக்கு?"

அதற்கும் பதில் இருந்தது. சொல்லியிருந்தால் அது விளக்கமாக இருந்திருக்கும். டீச்சர் சொல்லவில்லை. "அவ தேர்வு எழுதுவா. அதுக்கு நான் பொறுப்பு. உங்க கையெழுத்து மட்டும் வேணும்" என்றார்.

கல்வி அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதை அவர் முந்தின இரவே விதிப்புத்தகத்தில் தேடி எடுத்திருந்தார். பத்தொன்பது வீடுகளுக்கும் நடந்தார். பதினெட்டு வீட்டில் கையெழுத்து கிடைக்கவில்லை. சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு தகப்பனார், "மேல எழுதினா, பிள்ளைக்கு மண்டையில கோளாறுன்னு இன்னொரு ஆபீசுலயும் பதிவாகும். வேணாம் தாயி, நீங்க எழுதினதே போதும்" என்று கும்பிட்டார். வால்யூமின் அம்மா ஒருவர்தான் போட்டார். அதுவும் டீச்சர் முகத்தைப் பார்க்காமல்.

கையெழுத்து வாங்க லாண்டரிக்குப் போயிருந்தபோது வால்யூமும் அங்கே இருந்தாள். பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல சட்டையை வீணாக்குவானேன் என்று அம்மா போட்டுவிட்டிருக்கிறார். மூன்றாவது இடத்தில் வேறு நிறப் பொத்தான். பத்துச் சுற்றுக்குக் குறையாமல், முரட்டு நூலில் தைத்திருந்தது.

டீச்சர் பையிலிருந்து பழைய பொத்தானை எடுத்தார். "இது உன்னுது. மேசையில விட்டுட்டுப் போயிட்டே."

"வேணாம் டீச்சர். இது கெட்டியா இருக்கு. இனிமே விழாது" என்றாள் அவள். அத்தனை இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது.

டிசம்பர் 2 அன்று முதல் மனு. டிசம்பர் 20 அன்று பதில்: நல ஆசிரியையின் மதிப்பீடு மாணவிக்கு எதிராக இருப்பதால் பரிசீலிக்க இயலாது. ஜனவரி 9 அன்று இரண்டாம் மனு. ஐயம் என்றால் இல்லை என்று பொருளாகாது என்று மூன்று பக்கம். ஜனவரி 27 அன்று பதில்: பதிவு செய்யப்பட்ட மதிப்பீடு நடைமுறையில் இருக்கும்வரை பள்ளியின் முடிவில் தலையிட இயலாது.

அந்த ஜனவரி முழுக்க டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அறுநூறு ஜோடிக் காலணிகள் இறங்கிப் போயின. ஒன்றும் நிற்கவில்லை. நடைபாதையில் பார்த்தால் பிள்ளைகள் சட்டையில் ஊக்குக் குத்தியிருந்தார்கள். ஒருத்தி பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டேப்ளர் அடித்திருந்தாள். டீச்சர் கிட்டே போனதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கேன்" என்று ஓடினாள்.

பிப்ரவரி 3 அன்று டீச்சர் பஸ் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்கே போனார். அங்கே இருந்த பிரிவு அலுவலர் வயதானவர், கோப்புகளுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தது.

"நடைமுறையில இருக்கிற மதிப்பீட்டை யார் நீக்க முடியும்?"

"எழுதினவங்கதான். தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் கொடுத்தா நீங்கும்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா யோசிங்கம்மா. பொய்யான பதிவு பண்ணினதா நீங்களே ஒத்துக்கிற மாதிரி ஆகும். ஓய்வுக்கு எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

"பென்ஷன்ல கை வெப்பாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வாங்க."

"இன்னைக்குக் கொடுத்தா தேர்வுக்கு முன்னாடி ஆர்டர் வருமா?"

"வரணும். ஒரு மாசம் இருக்கே."

டீச்சர் அங்கேயே மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். 'செப்டம்பர் 3 அன்று நான் நிரப்பிய படிவத்தின் ஒன்பதாம் கட்டம் தவறானது. அதைக் கவனமின்றி நிரப்பினேன்.' இருபத்தொன்பது வருடப் பணியில் அவர் எழுதிய ஒரே பொய் அது. கவனமின்றி என்ற சொல்லை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. தாளில் அந்த இடத்தில் ஒரு மைப்புள்ளி இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "நான் மீட்டரைத் தப்பாப் படிச்சேன்னு எழுதிக் கொடுத்திருந்தா எத்தனை வீட்டுக்குத் தண்ணி வந்திருக்கும்னு யோசிக்கிறேன்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார்.

பிப்ரவரி 11 அன்று பணியிடை நீக்க உத்தரவு வந்தது. காரணமாக அவருடைய வாக்குமூலத்தையே மேற்கோள் காட்டியிருந்தார்கள். கல்வி அலுவலகம் அனுப்பியதன் நகலைப் பள்ளியில் தட்டச்சு செய்து, வீடுவரை கொண்டு வந்து கொடுத்தவர் குமாஸ்தா. வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இதுல தேதி எல்லாம் சரியா இருக்கான்னு..."

"கொடுங்க." வாசித்துப் பார்த்தார். பணியில் சேர்ந்த தேதியில் ஒரு நாள் பிசகு இருந்தது. சொன்னார். குமாஸ்தா அங்கேயே பேனாவால் திருத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உத்தரவு வந்த வேகம் டீச்சருக்குத் தெம்பாகக்கூட இருந்தது. எட்டு நாளில் தண்டனை வருமானால் அனுமதியும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். அதே வாக்குமூலம், அதே அலுவலகம்.

தினமும் பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வருவார். டீச்சர் பதினொன்றே காலிலிருந்து வாசலில் நின்றார். பிப்ரவரி முடிந்தது. அலுவலகத்துக்கு இரண்டு முறை போனார். பிரிவு அலுவலர் விடுப்பில் இருந்தார். இருந்தவர்கள், "கையெழுத்தாகிப் போயிருக்கும்மா, வரும்" என்றார்கள்.

மார்ச் 4 அன்று காலை ஒன்பது மணிக்கு லாண்டரிக்குப் போனார். தெருவில் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாக நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே வால்யூம் ஒரு சட்டையை விரித்து, காலர், கை, முன்பக்கம் என்று வரிசையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் சட்டையில் குறை இருந்தால் சீட்டில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். பென்சிலை எடுத்து, 'பொத்தான் 1 இல்லை' என்று எழுதிச் சட்டையில் குத்தினாள். தலை நிமிரவில்லை.

"இன்னைக்குக் கணக்கா டீச்சர்?"

"இல்லம்மா. இன்னைக்கு மொழிப்பாடம். கணக்கு பன்னிரண்டாம் தேதி."

"ஓ" என்றாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

அனுமதி இன்னும் வரும் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அம்மா கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "வேலை நேரங்க" என்றார்.

பன்னிரண்டாம் தேதி கணக்குத் தாள் நடந்தது. பத்தொன்பதாம் தேதி கடைசித் தாள். பள்ளியிலிருந்து தேர்வு எழுதியவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். ஒருவரும் தவறமாட்டார்கள் என்று வாசலில் பலகைக்கு அளவெடுத்துவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார்.

கல்வி அலுவலகத்தின் கடிதம் ஒரு பக்கம்தான். மாணவி நடப்பு ஆண்டுத் தேர்வை எழுத அனுமதிக்கப்படுகிறார், கணக்குத் தாளுக்குத் தனி அறை ஒதுக்கப்படும் என்று இருந்தது. பதினான்காம் கட்டத்தில் கேட்டதை யாரோ ஒருவர் வாசித்திருக்கிறார். கடிதத்தின் தேதி பிப்ரவரி 26. உறையில் முகவரி பள்ளியுடையது. பள்ளியின் வரவு முத்திரை மார்ச் 1. அதற்குக் கீழே, பெறுபவர் பணியில் இல்லை என்ற குறிப்பு, நூறின் சுருக்கக் கையெழுத்து, அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிய தேதி மார்ச் 16. பக்கத்தில் இன்னொரு கை டீச்சரின் வீட்டு முகவரியை எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது மார்ச் 23.